யார் காசில் எடுத்த படம்? அமெரிக்க மேற்கின் சுரங்க ஊர்ப் புகைப்படங்கள்

அமெரிக்க மேற்கின் சுரங்க ஊர் என்றதும் புழுதித் தெருவும், பலகைக் கடைகளும், இடுப்பில் துப்பாக்கி தொங்கும் ஆட்களும் மனத்தில் வந்து நிற்கின்றன. பெரும்பாலும் சினிமா நமக்குக் கொடுத்த சித்திரம் அது. ஆனால் அந்த ஊர்களில் சுரங்கச் சங்கு ஊதிக்கொண்டிருந்த காலத்திலேயே அவற்றை நேரில் நின்று படம் பிடித்தவர்கள் உண்டு. கலிபோர்னியா, நெவாடா, அரிசோனா, டகோட்டா, கொலராடோ என்று தங்கமும் வெள்ளியும் செம்பும் கிடைத்த இடங்களில் எல்லாம், தோண்டுகிறவர்களின் பின்னாலேயே புகைப்படக்காரர்களும் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் எடுத்தவற்றில் ஆயிரக்கணக்கான படங்கள் வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்திலும், பெர்க்லியின் பான்கிராஃப்ட் நூலகத்திலும், டென்வர் பொது நூலகத்திலும் இன்று பாதுகாக்கப்படுகின்றன. பலவற்றை வீட்டிலிருந்தபடியே கணினியில் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

இந்தப் படங்களை நம்பி அந்த ஊர்களின் வாழ்க்கையை அறிய முடியுமா, எந்த அளவுக்கு முடியும் என்பதே இந்தக் கட்டுரை ஆராயும் கேள்வி. முடியும் என்பதே என் முடிவு. ஆனால் ஒவ்வொரு படத்திடமும் முதலில் ஒன்றைக் கேட்டாக வேண்டும்: இதை எடுக்கக் காசு கொடுத்தவர் யார்? அக்காலத்தில் படம் எடுப்பது செலவு பிடித்த வேலை. காசு கொடுத்தவருடைய விருப்பம்தான் எது கேமராவின் முன்னால் நிற்கும், எது நிற்காது என்பதைத் தீர்மானித்தது. அதே சமயம், கண்ணாடித் தகடு காசு கொடுத்தவர் கேட்டதை மட்டும் பதியவில்லை. எதிரே இருந்ததை எல்லாம் பதிந்தது. அந்த மிச்சத்தில்தான் ஊரின் வாழ்க்கை தங்கியிருக்கிறது.

வெள்ளியும் தங்கமும் பாதரசமும்

டகரோடைப் என்னும் முதல் புகைப்பட முறை 1839இல் பாரிஸில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1848 ஜனவரியில், கலிபோர்னியாவில் சட்டர் என்பவருக்காகக் கட்டப்பட்டுவந்த மரம் அறுக்கும் ஆலையின் நீரோடையில் ஜேம்ஸ் மார்ஷல் தங்கத்தைக் கண்டார். புகைப்படமும் தங்க வேட்டையும் இப்படி அடுத்தடுத்துப் பிறந்தன. வேறொரு உறவும் இவற்றுக்கு உண்டு. டகரோடைப் என்பது வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகடு. பாதரச ஆவியில் காட்டித்தான் அதில் உருவத்தை வரவழைத்தார்கள். உருவம் அழியாமலிருக்கத் தங்கக் குளோரைடு ஊற்றிக் காய்ச்சினார்கள். 1851இல் வந்த ஈரத்தகட்டு முறைக்கும் வெள்ளி நைட்ரேட் வேண்டும். முட்டையின் வெள்ளைக்கரு தடவிய தாளில் அச்சிட்ட படங்களுக்குச் செம்பழுப்பு நிறம் கொடுத்ததும் தங்கக் குளோரைடுதான். சான் ஓசேக்கு அருகிலுள்ள நியூ அல்மாடன் சுரங்கத்தில் எடுத்த பாதரசம் நெவாடாவின் ஆலைகளில் தாதுவிலிருந்து வெள்ளியைப் பிரித்தது. சுரங்க ஊரின் படம், சுரங்க ஊர்கள் தோண்டியெடுத்த அதே உலோகங்களால் ஆனது.

தொழில்முறை தெரிந்தால் படத்தில் ஏன் சில பொருள்கள் இருக்கின்றன, சில இல்லை என்பது விளங்கும். ஈரத்தகட்டு முறையில் கண்ணாடியில் மருந்தைப் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, உடனே இருட்டில் வைத்து உருவத்தை எழுப்ப வேண்டும். எல்லாம் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். ஆகவே படக்காரர் போகிற இடத்துக்கெல்லாம் இருட்டறையும் வண்டியில் ஏறிப் போயிற்று. தகட்டில் ஒளி விழ வேண்டிய நேரமோ பல விநாடிகள். அதுவரை அசையாமல் நின்றவை தெளிவாகப் பதிந்தன. நடந்தவரும் ஓடிய குதிரையும் புகைபோல் கலைந்தார்கள், அல்லது மறைந்தே போனார்கள். பரபரப்பான ஊரின் பிரதான வீதி படத்தில் வெறிச்சோடிக் கிடப்பதற்குப் பல நேரம் இதுவே காரணம். படத்தில் எவரும் சிரிக்காமல் விறைத்து நிற்பதைக் கொண்டு அவர்களுடைய குணத்தை முடிவு செய்வதும் தவறு.

1870களின் இறுதியில் கடையில் வாங்கக்கூடிய உலர்தகடு வந்தது. 1888இல் கோடாக் கேமராவும், 1900இல் ஒரு டாலர் விலையில் பிரௌனி கேமராவும் வந்தன. இந்த மாற்றங்கள் படக்காரரின் வேலையை எளிதாக்கியதோடு, யார் படம் எடுக்கலாம் என்பதையும் மாற்றின. அதன் விளைவைப் பின்னால் பார்ப்போம்.

தோண்டியவரே காசு கொடுத்த படங்கள்

முதல் வாடிக்கையாளர் சுரங்கத் தொழிலாளியே. 1849க்குப் பிறகு கலிபோர்னியாவுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள், வீட்டைப் பிரிந்து வந்தவர்கள். நான் உயிரோடு இருக்கிறேன், வேலை செய்கிறேன் என்று ஊருக்குச் சொல்ல ஒரு படம் தேவைப்பட்டது. ஸ்டூடியோவில் மண்வெட்டியும் தங்கம் அரிக்கும் தட்டும் கையிலேந்தி நின்றவர்கள் உண்டு. டகரோடைப்புக்கு நெகடிவ் கிடையாது. ஒவ்வொன்றும் ஒரே படிதான். எனவே வீட்டுக்குப் போன படம் வீட்டோடு நின்றது. குடும்பம் தொலைத்தால் படமும் தொலைந்தது.

பெரிய இழப்புக்கும் இதுவே காரணம். ராபர்ட் வான்ஸ் என்னும் படக்காரர் கலிபோர்னியாவின் ஊர்களையும் ஓடைகளையும் சுரங்க முகாம்களையும் சுமார் 300 டகரோடைப் தகடுகளில் பதிந்து 1851இல் நியூயார்க்கில் கண்காட்சி வைத்தார். பாராட்டு கிடைத்தது, வாங்க ஆள் இல்லை. தொகுப்பு கைமாறிக் கைமாறி செயின்ட் லூயிஸ் நகரத்துப் படக்காரர் ஒருவரிடம் சேர்ந்தது. அதன்பின் தடயமில்லை. கண்காட்சியின் பட்டியல் புத்தகம் மட்டும் எஞ்சியிருக்கிறது. எந்தெந்த இடங்கள் படமாயின என்று தெரிகிறது. ஒரு படத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை.

தப்பிப் பிழைத்தவற்றில் ஒன்று, 1852இல் ஆபர்ன் ரவீன் என்னும் பள்ளத்தாக்கில் எடுத்தது. ஜோசப் ஸ்டார்க்வெதர் எடுத்ததாகக் கருதப்படுவது. மண்ணை நீரில் அலசித் தங்கத்தைப் பிரிக்கும் நீண்ட மரத்தொட்டி நடுவே ஓடுகிறது. ஒரு பக்கம் வெள்ளையர்கள், மறுபக்கம் சீனர்கள். வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். ஒரே தொட்டியருகே இரு இனத்தாரும் நிற்பதைக் கண்டு, இணக்கமாக வாழ்ந்தார்கள் என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அதே 1852இல்தான் கலிபோர்னியச் சட்டமன்றம் அயல்நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்கள் மாதந்தோறும் 3 டாலர் கட்ட வேண்டும் என்று புதிய வரி போட்டது. அதன் பாரம் சீனர்கள் மீதே அதிகம் விழுந்தது. படம் பொய் சொல்லவில்லை. அவர்கள் அங்கே ஒன்றாகத்தான் நின்றார்கள். எந்த நிபந்தனையின் பேரில் நின்றார்கள் என்பதைச் சட்டப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அறிய முடியும்.

அரசு ஆய்வுக்காக எடுத்த படங்கள்

அடுத்த வாடிக்கையாளர் அமெரிக்க அரசு. உள்நாட்டுப் போர் முடிந்தபின் மேற்கின் நிலத்தையும் கனிமத்தையும் அளக்க ஆய்வுக் குழுக்கள் புறப்பட்டன. கிளாரன்ஸ் கிங் தலைமையில் நாற்பதாவது அட்சரேகையை ஒட்டி 1867இல் கிளம்பிய குழுவில் டிமத்தி ஓ'சல்லிவன் படக்காரராக இருந்தார். கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் பிணங்கள் கிடந்த வெளியைப் படமெடுத்தவர் அவர். 1867-68 குளிர்காலத்தில் நெவாடாவின் வர்ஜீனியா சிட்டிக்குப் போய், காம்ஸ்டாக் வெள்ளிச் சுரங்கங்களுக்குள் கேமராவோடு இறங்கினார்.

காம்ஸ்டாக் தாதுப்படிவு 1859இல் வெளிப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் 30 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள வெள்ளியும் தங்கமும் அதிலிருந்து வந்தன. தாது அகலமான பாறைப் பகுதியாகக் கிடந்ததால், எடுத்த இடத்தில் மேற்கூரை சரிந்து விழுந்தது. 1860இல் பிலிப் டைடஷைமர் என்னும் பொறியாளர் கனமான மரச் சட்டங்களைப் பெட்டி பெட்டியாக அடுக்கிப் பாறையைத் தாங்கும் முறையைக் கொண்டுவந்தார். அதற்காக சியரா மலைக்காடுகள் வெட்டப்பட்டன. கீழே போகப் போகப் பாறையே கொதித்தது, வெந்நீர் பீறிட்டது. தொழிலாளர்கள் இடுப்புக்கு மேல் உடையில்லாமல், சிறிது நேரம் வேலை, சிறிது நேரம் ஓய்வு என்று மாறிமாறி உழைத்தார்கள். நாளுக்கு 4 டாலர் கூலி. அக்கால அமெரிக்காவில் அது நல்ல கூலி. தொழிற்சங்கம் போராடிக் காப்பாற்றிய கூலி.

சூரிய ஒளி புகாத அந்த ஆழத்தில் ஓ'சல்லிவன் மக்னீசியத்தைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் படமெடுத்தார். மக்னீசிய ஒளியில் நிலத்தடிப் படங்கள் அதற்கு முன்பே வந்திருந்தன. இங்கிலாந்தின் டார்பிஷயர் குகையில் 1864இலும், கென்டக்கியின் மாமத் குகையில் 1866இலும் எடுத்திருக்கிறார்கள். ஆனால் அமெரிக்கச் சுரங்கத்துக்குள் உழைப்பவர்களை உழைக்கும் இடத்திலேயே காட்டிய மிகப் பழைய படங்களில் ஓ'சல்லிவனுடையவை சேரும்.

அவற்றில் ஒன்றில் ஒரு தொழிலாளி குறுகிய பாறை இடுக்கில் உடம்பை மடக்கிக்கொண்டு வேலை செய்கிறார். இன்னொன்றில் சாவேஜ் சுரங்கத்தின் குழிவாயில் கூண்டுகளில் ஆட்கள் நெருக்கி நின்று இறங்கக் காத்திருக்கிறார்கள். மூன்றாவதில் ஆளே இல்லை: பாறையின் பாரம் தாங்காமல் தடித்த உத்தரங்கள் முறிந்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடக்கின்றன. அரசு கேட்டது பாறையின் தன்மையும் மரக்கட்டின் தொழில்நுட்பமும். பதிந்ததோ ஒரு மனிதர் எவ்வளவு சிறிய இடத்தில் தன் நாளைக் கழித்தார் என்பதும்தான். அந்த மரக்கட்டு ஆபத்தும் ஆயிற்று. 1869 ஏப்ரல் 7 அன்று அருகிலிருந்த யெல்லோ ஜாக்கெட் சுரங்கத்தில் தீப்பிடித்து, மரச்சட்டங்கள் எரிந்த புகையில் குறைந்தது 35 பேர் மாண்டார்கள். ஓ'சல்லிவனின் படங்களை இந்தச் செய்தியோடு சேர்த்துப் பார்த்தால், உத்தரங்களின் அடர்த்தி பாதுகாப்பையும் அபாயத்தையும் ஒருசேரச் சொல்கிறது.

கம்பெனிகள் விரும்பிய பிரம்மாண்டம்

மூன்றாவது வாடிக்கையாளர் முதலாளி. சான் பிரான்சிஸ்கோவின் கார்ல்டன் வாட்கின்ஸ் இதில் முதன்மையானவர். 1858இல் அவர் எடுத்த பாதரசச் சுரங்கப் படம் நில உரிமை வழக்கில் சாட்சியமாயிற்று. அடுத்து மரிபோசா சுரங்கப் பண்ணையை அவர் எடுத்த படங்கள் ஐரோப்பிய முதலீட்டாளர்களுக்குக் காட்டுவதற்காக. பெரிய கண்ணாடித் தகட்டில் எடுத்த அவருடைய படங்களில் ஆலை, தண்டவாளம், குவித்த தாது எல்லாம் ஒழுங்காக அடுக்கி வைத்தாற்போல் இருக்கும். மனிதர்கள் அளவு காட்டும் கோல்கள்போல் ஓரத்தில் நிற்பார்கள். பணம் போடுகிறவருக்கு இங்கே எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது என்ற நம்பிக்கையை அது தந்தது.

ஆனால் 1871இல் அவர் எடுத்த மலக்காஃப் படங்களைப் பாருங்கள். மலையைத் தோண்டாமல், குழாயில் பாய்ச்சிய நீரின் வேகத்தால் அதைக் கரைத்துத் தங்கம் எடுத்த இடம் அது. பீறிடும் நீர்த்தாரைகள் கம்பீரமாகத் தெரிகின்றன. அவற்றுக்குப் பின்னால் மரமில்லாத, மண் வழிந்த, குடைந்தெடுத்த பள்ளம். அங்கிருந்து புறப்பட்ட சேறு ஆறுகளை மேடாக்கி, சாக்ரமென்டோ பள்ளத்தாக்கின் வயல்களை மூடியது. உழவர்கள் வழக்குப் போட்டார்கள். 1884இல் நீதிபதி லோரன்சோ சாயர், சேற்றை ஆற்றில் விடக் கூடாது என்று தீர்ப்பளித்தார். அத்தொழில் பெரும்பாலும் நின்றது. வெற்றியைக் காட்டும் அந்தப் படங்கள் இன்று சுற்றுச்சூழல் வரலாற்றுக்குச் சான்றாகிவிட்டன. வாட்கின்ஸின் கதியோ துயரமானது. கடனில் ஒருமுறை நெகடிவ்களை இழந்தார். மீண்டும் சேர்த்தவையெல்லாம் 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்திலும் தீயிலும் போயின.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெவாடாவில் டோனோபா, கோல்டுஃபீல்டு, ரயோலைட் என்று ஊர்கள் முளைத்தபோது விளம்பரமே ஒரு தொழிலாயிற்று. 1906 செப்டம்பரில் கோல்டுஃபீல்டில் ஜோ கான்ஸ், பேட்லிங் நெல்சன் குத்துச்சண்டையை நடத்தியவர்கள், 30,000 டாலர் பரிசுப் பணத்தைத் தங்கக் காசுகளாகவே வங்கியின் கண்ணாடி ஜன்னலில் அடுக்கி வைத்தார்கள். சண்டையைச் சலனப்படமாகவும் எடுத்தார்கள். ஊரின் பெயர் நாடெங்கும் பரவ வேண்டும், பங்குகள் விற்க வேண்டும் என்பதே நோக்கம். இந்த ஊர்களின் அஞ்சலட்டைப் படங்களில் காணும் கூட்டத்தையும் கல் கட்டடங்களையும் இந்த நோக்கத்தோடு சேர்த்தே எடை போட வேண்டும். பத்து ஆண்டுக்குள் ரயோலைட் ஏறத்தாழ ஆளற்ற ஊராகிவிட்டது.

ஊர் ஸ்டூடியோ: டூம்ஸ்டோனின் ஃப்ளை தம்பதி

உள்ளூர்க்காரர்கள் கொடுத்த சில்லறைக் காசில் நடந்த ஸ்டூடியோக்கள்தாம் அன்றாட வாழ்க்கைக்கு மிக நெருக்கமானவை. எட் ஷீஃப்லின் 1877இல் வெள்ளி கண்ட இடம் அரிசோனாவின் டூம்ஸ்டோன். காமில்லஸ் ஃப்ளை, அவர் மனைவி மேரி என்கிற மோலி இருவரும் 1879 டிசம்பரில் அங்கே வந்து, தங்கும் விடுதியும் பின்கட்டில் ஸ்டூடியோவும் நடத்தினார்கள். கணவர் வெளியூர் போகும்போதெல்லாம் ஸ்டூடியோவை நடத்தியவர் மோலி. அங்கே எடுத்த குடும்பப் படங்களில் பல அவர் கைவேலையாக இருக்க வேண்டும். ஆனால் அட்டையில் அச்சாகியிருப்பது கணவர் பெயர்.

1881 அக்டோபர் 26 அன்று ஓ.கே. கொரால் துப்பாக்கிச் சண்டை நடந்தது இவர்கள் விடுதியை ஒட்டிய காலி மனையில். சண்டை அரை நிமிடம்தான். படக்காரர் வீட்டு வாசலிலேயே நடந்தும் அதற்குப் படமில்லை. அன்றைய தகட்டு வேகத்தில் அதை எதிர்பார்க்கவும் முடியாது. அதில் குண்டடிபட்டுச் சாகக் கிடந்த பில்லி கிளாண்டனின் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கியவர் ஃப்ளை. நமக்குக் கிடைத்திருப்பது, அவர் எடுத்ததாகக் கருதப்படும் இன்னொரு படம்: மூன்று சவப்பெட்டிகளில் நல்ல உடை உடுத்திக் கிடத்தியிருக்கும் மூவர். வேகமான நிகழ்வு நழுவியது. அசையாத பிணம் பதிந்தது. அந்தக் காலத்து அமெரிக்க மேற்கின் வன்முறை பற்றிய புகைப்படச் சான்று பெரும்பாலும் விளைவைக் காட்டுமே தவிர நடந்ததைக் காட்டாது.

ஃப்ளை 1886 மார்ச்சில் ஜெனரல் குரூக்குடன் மெக்சிகோவின் எல்லைப்புற மலைப் பகுதிக்குப் போய், சரணடையாத அபாச்சித் தலைவர் ஜெரோனிமோவை அவர் முகாமிலேயே படமெடுத்தார். அமெரிக்காவோடு போரில் இருக்கும்போதே எடுத்த பூர்வகுடியினரின் படங்களாக இன்று தெரிந்தவை அவை மட்டுமே. டூம்ஸ்டோனின் வெள்ளி யாருடைய நிலத்திலிருந்து வந்தது என்பதை அந்த ஊரின் படக்காரரே இப்படிப் பதிந்து வைத்திருக்கிறார்.

ஒரு படத்தை அருகில் வைத்துப் பார்த்தால்

டகோட்டாவின் டெட்வுட்டில் ஜான் கிரபில் என்னும் படக்காரர் 1887 முதல் 1892 வரை காப்புரிமைக்காகக் காங்கிரஸ் நூலகத்துக்கு அனுப்பிய படங்கள் 188. ஹோம்ஸ்டேக் சுரங்கத்தின் 2,50,000 டாலர் தங்கக் கட்டிகளை ஏற்றிய வண்டியும் துப்பாக்கி ஏந்திய காவலர்களும் இருக்கும் படம் புகழ்பெற்றது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, 1888 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினத்தன்று எடுத்த இன்னொன்று. சீருடை அணிந்த சீன இளைஞர்கள் ஒரு கட்டடத்தின் முன்னால் வரிசையாக நிற்கிறார்கள். தீயணைப்புக் குழாய் வண்டியை இழுத்தோடும் பந்தயத்தில் வென்ற அமெரிக்கச் சாம்பியன் சீனக் குழு என்று கிரபில் தலைப்பு எழுதியிருக்கிறார்.

தீயணைப்புப் பந்தயம் வெறும் விளையாட்டு இல்லை. 1879 செப்டம்பரில் டெட்வுட்டில் மூண்ட தீ சுமார் 300 கட்டடங்களைக் கொளுத்தியது. பலகை வீடுகள் நெருங்கி நின்ற ஊரில் குழாயை எவ்வளவு விரைவாகக் கொண்டுவருகிறோம் என்பது உயிர்ப்பிரச்சினை. சீனர்கள் தங்கள் பகுதியைக் காக்கத் தாங்களே குழு வைத்திருந்தார்கள். ஊரின் பொதுவிழாவில் அவர்களுக்கு இடம் இருந்தது, வெற்றியும் இருந்தது. நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் அந்த நிலையில் பெருமை தெரிகிறது.

ஆண்டைக் கவனிக்க வேண்டும். சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுக்கும் சட்டம் 1882இல் வந்துவிட்டது. 1885இல் வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸ் நிலக்கரி ஊரில் 28 சீனத் தொழிலாளர்கள் கொல்லப்பட்டார்கள். இந்தப் படம் எடுத்து மூன்று மாதம்கூட முடியாத நிலையில், 1888 அக்டோபர் 1 அன்று ஸ்காட் சட்டம் வந்தது. சொந்த ஊருக்குப் போய்த் திரும்ப அனுமதிச் சான்றிதழ் வைத்திருந்த சுமார் 20,000 சீனர்களின் சான்றிதழ்கள் ஒரே நாளில் செல்லாமல் போயின. சாம்பியன் என்று ஊர் கொண்டாடியவர்களை நாடு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. இரண்டும் உண்மை. சட்டத்தை மட்டும் படித்தால் அந்த இளைஞர்களின் பெருமிதம் கிடைக்காது. படத்தை மட்டும் பார்த்தால் அவர்கள் தலைமேல் தொங்கிய ஆபத்து தெரியாது.

காசு கொடுக்க ஆளில்லாதவை

எதற்கு யாரும் காசு கொடுக்கவில்லையோ அது படங்களில் இல்லை. காற்றழுத்தத் துளைப்பான் வந்தபின் பாறைத் தூசி நுரையீரலில் படிந்து தொழிலாளர்களைக் கொன்றது; அந்த நோயை எந்த ஸ்டூடியோவும் பதியவில்லை. சலவை செய்தவர், சமையல் செய்தவர், விடுதி நடத்திய பெண்கள் ஆகியோரின் வேலை நேரம் அரிதாகவே படமானது. பூர்வகுடியினர் தங்கள் நிலத்தில் அந்நியர்போல் ஓரத்தில் தெரிகிறார்கள். டெட்வுட் இருக்கும் கருமலைத் தொடர் (பிளாக் ஹில்ஸ்) அமெரிக்க அரசோடு செய்த 1868 ஒப்பந்தப்படி லகோட்டா மக்களுடையது. 1874இல் அமெரிக்கப் படை அதிகாரி கஸ்டரின் படை தங்கம் தேடி அங்கே நுழைந்தபோது வில்லியம் இல்லிங்வொர்த் என்னும் படக்காரரும் கூடப் போனார். அவர் படங்களில் பூத்துக் கிடக்கும் பள்ளத்தாக்குகளும் நீண்ட வண்டி வரிசையும் அழகாக இருக்கின்றன. ஒப்பந்தம் மீறப்படுகிறது என்பதை அந்த வண்டி வரிசையே சொல்கிறது, வரலாறு தெரிந்தவருக்கு.

சிறிய கேமராக்கள் பரவியபின் இந்த நிலை கொஞ்சம் மாறியது. 1917 ஜூலை 12 அன்று அரிசோனாவின் பிஸ்பி செம்புச் சுரங்க ஊரில், வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களை, சுரங்கக் கம்பெனியின் ஆதரவோடு, ஷெரீஃப் ஹாரி வீலரின் ஆயுதம் தாங்கிய ஆட்கள் விடியற்காலையில் வீடு வீடாகப் புகுந்து பிடித்தார்கள். ஏறத்தாழ 1,200 பேரை மாட்டு ரயில்பெட்டிகளில் ஏற்றி, நியூ மெக்சிகோ பாலைவனத்தில் கொண்டுபோய் விட்டார்கள். பிடித்தவர்கள் கையில் வெள்ளைப் பட்டை கட்டியிருந்தார்கள். நீண்ட வரிசையாக ஆட்களை ஓட்டிச் செல்வதும், ரயில்பெட்டிக்குள் ஏற்றுவதும் படங்களாக இருக்கின்றன. இந்தக் குற்றத்துக்காக யாரும் தண்டனை பெறவில்லை. ஆனால் நடக்கவில்லை என்று சொல்ல எவராலும் முடியவில்லை. அதுவரை கம்பெனிக்காகப் பேசிய கேமரா, இங்கே கம்பெனிக்கு எதிரான சாட்சியாகியது.

தலைப்பு மாறினால் வரலாறே மாறும்

பழைய மேற்கின் படங்களுக்கு இன்று பெரும் விலை உண்டு. அதனால் தவறான பெயர் சூட்டும் ஆசையும் பெரிது. மெல்லிய துணி போர்த்திய பெண்ணின் படம் ஒன்று ஓ.கே. கொரால் சண்டையில் பங்கேற்ற வயட் ஏர்ப்புடைய மனைவி ஜோசஃபின் என்று பல ஆண்டுகளாகப் புத்தக அட்டையிலும் ஏலத்திலும் உலவியது. அது 1914இல் நியூயார்க் கம்பெனி ஒன்று கலோமா என்ற தலைப்பில் விற்ற அலங்காரப் படம்.

நேர்மையான படமும் ஏமாற்றும். நியூ மெக்சிகோவின் சில்வர் சிட்டி என்னும் வெள்ளிச் சுரங்க ஊரில் சிறுவயதைக் கழித்த, துப்பாக்கிக்குப் பேர்போன பில்லி த கிட்டின் டின்டைப் (இரும்புத் தகட்டு) படத்தில், கைத்துப்பாக்கி இடது இடுப்பில் தொங்குகிறது. அதைக் கண்டு அவரை இடதுகைக்காரர் என்று உலகம் நம்பியது. 1958இல் அந்தப் பெயரிலேயே சினிமாவும் வந்தது. டின்டைப்பில் உருவம் இடம் வலமாகத் திரும்பிப் பதியும். அவர் கையில் ஊன்றியிருக்கும் 1873 மாடல் வின்செஸ்டர் துப்பாக்கியில் தோட்டா போடும் வாய் வலப்புறம் இருக்க வேண்டும். படத்தில் இடப்புறம் இருக்கிறது. அந்த ஒரு சிறு உறுப்பு கதையைத் திருத்தியது.

ஆய்வாளர்களுக்குள்ளும் விவாதம் உண்டு. ஓ'சல்லிவனை நவீன கலைஞராக அருங்காட்சியகங்கள் கொண்டாடியபோது, 1982இல் கலை வரலாற்றாளர் ரோசலிண்ட் கிராஸ் அதை மறுத்தார்: புவியியல் அறிக்கைக்காக எடுத்ததைக் கலைக்கூடச் சுவரில் மாட்டுவதால் அதன் பொருளே மாறிவிடுகிறது என்பது அவர் வாதம். 1977 முதல் மார்க் கிளெட்டும் நண்பர்களும் பழைய படங்களை எடுத்த அதே இடத்தில், அதே கோணத்தில் நின்று மறுபடி எடுத்தார்கள். யூட்டாவின் வெபர் பள்ளத்தாக்கில் ஓ'சல்லிவன் கேமராவைச் சாய்த்து வைத்துப் பாறைகளை நாடகத்தன்மையோடு காட்டியது அப்போதுதான் தெரிந்தது. மார்த்தா சாண்ட்வைஸ் 2002இல் வெளியிட்ட நூலில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் படங்கள் தனியாக உலவவில்லை, தலைப்போடும் விளக்கத்தோடும் சொற்பொழிவோடும் சேர்ந்தே மக்களை அடைந்தன என்று காட்டினார். மூவர் சொல்வதையும் நான் ஏற்கிறேன். படத்தை அதன் காகிதங்களிலிருந்து பிரித்தால் சாட்சியம் பாதியாகிவிடும்.

ஆகவே முறை இதுதான். முதலில் யார் காசு என்று கேட்பது. பிறகு அந்த நோக்கத்துக்கு வெளியே எது பதிந்திருக்கிறது என்று ஓரங்களைத் தேடுவது: கடைப் பலகை, வெட்டிய மரத்தின் அடிக்கட்டை, தந்திக் கம்பம், காலணி. அடுத்து 1880 மக்கள்தொகைக் கணக்கு, உள்ளூர்ப் பத்திரிகை, தீக்காப்பீட்டுக்காக சான்பார்ன் கம்பெனி வரைந்த தெரு வரைபடங்கள் ஆகியவற்றோடு ஒப்பிடுவது. கடைசியாக, யார் இங்கே இல்லை என்று எழுதி வைப்பது.

இந்த முறை நமக்கும் வேண்டியது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கத் தொழிலாளர்கள் கலிபோர்னியாவின் கிராஸ் வேலிக்கும் நெவாடாவுக்கும் போனதுபோலவே கோலார் தங்கவயலுக்கும் வந்தார்கள். 1880இல் அங்கே பொறுப்பேற்ற ஜான் டெய்லர் கம்பெனியின் கீழ் ஆழத்தில் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பான்மையினர் வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து போன தமிழர்கள், அவர்களிலும் பெரும்பாலோர் தலித்துகள். கோலார் 2001இல் மூடியது. ஹோம்ஸ்டேக் அதற்கடுத்த ஆண்டில். டெட்வுட்டில் நின்ற அந்தச் சீன இளைஞர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் கிரபில் எழுதியிருந்தால் நாம் அவர்களைப் பின்தொடர்ந்து போயிருக்கலாம். குழுவின் பெயரோடு நிறுத்திவிட்டார். கோலாரில் உழைத்த குடும்பங்களின் பெட்டிகளில் உள்ள படங்களுக்கு அந்தக் கதி வரக் கூடாது. தெரிந்தவர்கள் இருக்கும்போதே பெயர், ஆண்டு, எந்தச் சுரங்கம், என்ன வேலை என்று பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். படம் எடுக்கக் காசு கொடுத்தவரைப் படமே காட்டிக்கொடுத்துவிடும். அதில் நிற்பவர் யார் என்பதை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.